பத்தொன்பது பேர் சொன்ன கடை

பிப்ரவரி 11

தங்கைக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற நிலையில் நான் இல்லை. போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. மெயில் போட்டால் பதில் இல்லை. சித்தியிடம் கெஞ்சி விலாசம் வாங்கி, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். அதற்காகவாவது கடைசி வரி வரைக்கும் படி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போகும்போது கடை வெப்சைட்டில் என்ன செய்துவிட்டுப் போனாய்?

நீ நவம்பரில் போனாய். டிசம்பர் முழுக்க வழக்கம்போல ஆர்டர் வந்தது. ஜனவரி பாதியிலிருந்து போன் அடிக்கவில்லை. வயர் அறுந்துவிட்டதா என்று நானே பக்கத்துக் கடையிலிருந்து அடித்துப் பார்த்தேன். நன்றாக அடிக்கிறது. கூப்பிடத்தான் ஆள் இல்லை. பிரிட்ஜ் கதவு ரப்பர் என்று தேடினால் முதல் பக்கத்தில் மூன்றாவதாக நாம் வருவோம், நீதான் எனக்குக் காட்டினாய். இப்போது பதினான்கு பக்கம் தள்ளிப் பார்த்துவிட்டேன். நம்மிடம் வாங்கி விற்கிறவன் வருகிறான். செருப்பு விற்கிறவன்கூட வருகிறான். நாம் வரவில்லை. நேற்று நம் கடைப் பேரையே போட்டுத் தேடினேன். அப்படி ஒரு கடை உலகத்திலேயே கிடையாது என்பதுபோல் முழிக்கிறது.

சூட்டுத் தகடு வைத்து ரப்பரின் நாலு மூலையையும் ஒட்டுகிற நம் மூலைக்காரர், காலையிலிருந்து மெஷினைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். துடைப்பதற்கு அதில் இனி ஒன்றும் இல்லை. ஆறு மாதம் இப்படியே போனால் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். முப்பத்திரண்டு வருஷம், போகட்டும்.

எனக்கு உன்மேல் சந்தேகம் இருக்கிறது. கோபத்தில் போனவள் எதையாவது பிடுங்கிவிட்டுப் போயிருப்பாயோ என்று. உள்ளதைச் சொல்லிவிட்டேன், ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஆட்கள் முன்னால் நான் கத்தியது அதிகம்தான். ஆனால் நீயும் யோசித்துப் பார். பார்சல் கட்ட ஆள் இல்லாமல் நான் திண்டாடிக்கொண்டிருக்கிறேன், நீ உட்கார்ந்து யாரோ ஒரு ஐஸ்கிரீம்காரம்மாவுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாய். கேட்டால் லிங்க் வாங்குகிறேன் என்கிறாய். இரண்டு வருஷத்தில் பத்தொன்பது லிங்க். நான் தோளில் பை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ரப்பர் விற்ற காலத்தில் ஒரு தெருவிலேயே பத்தொன்பது கதவு தட்டுவேன். அதைத்தான் கேட்டேன்.

பதில் போடு.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

நான் எதையும் தொடவில்லை.

பாஸ்வேர்டு எல்லாம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நீலத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக அந்தக் கண்ணாடியை யாரும் தூக்கவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துகொண்டேன்.

லிங்க் என்றால் என்ன என்று நான் சொல்ல வந்தபோதெல்லாம் உங்களுக்கு ஒரு லாரி வந்து நிற்கும். இப்போது லாரி இல்லை அல்லவா, படியுங்கள். நம் ரப்பர் நல்லதா கெட்டதா என்று தேடுபொறிக்குத் தெரியாது. அதற்குத் தொட்டுப் பார்க்கக் கை இல்லை. யார் யார் நம்மைக் கைகாட்டுகிறார்கள் என்று மட்டும் அது பார்க்கும். ஒரு மெக்கானிக் தன் வெப்சைட்டில் ‘கதவு ரப்பருக்கு இங்கே போங்கள்’ என்று எழுதி, அதைத் தொட்டால் நம் பக்கம் திறக்கும்படி வைத்தால் அதுதான் லிங்க். சொல்கிறவருக்கு நல்ல பெயர் இருந்தால் நமக்கும் அதில் கொஞ்சம் ஒட்டும். சொல்கிறவன் ஊரறிந்த புளுகன் என்றால் அதுவும் ஒட்டும்.

எளிய வழி இல்லையா, எளிய வழி இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். நான் செய்துகொண்டிருந்ததுதான் எளிய வழி. ரப்பர் கம்பெனி தன் வெப்சைட்டில் விற்பனையாளர் பட்டியல் வைத்திருக்கிறது. நம்மையும் சேருங்கள் என்று ஒரு வரி எழுதினேன், மறுநாளே சேர்த்தார்கள். இருபது வருஷமாக அவர்களிடம் வாங்குகிறோம், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஐஸ்கிரீம்காரம்மா நம் ரப்பரால் தன் பெட்டியில் ஐஸ் உருகுவது நின்றுவிட்டது என்று போனில் சொன்னார். அதையே உங்கள் பக்கத்தில் நாலு வரி எழுதுங்களேன் என்று கேட்டேன். நீங்கள் கத்தியது அந்தக் கடிதத்துக்குத்தான்.

தொழிற்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார், ரிப்பேர் குறிப்புகளாக எழுதி ஒரு வெப்சைட் நடத்துகிறார். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதில் ரப்பரை ஓரத்திலிருந்து ஓரம் அளக்கச் சொல்லியிருந்தார். கதவில் ரப்பர் செருகுகிற பள்ளத்திலிருந்து பள்ளம் அளந்தால்தான் சரியாக உட்காரும் என்று எழுதினேன். மூன்று வாரம் ஒத்துக்கொள்ளவில்லை. மாதிரிக்கு ஒன்று அனுப்பிப் பொருத்திப் பார்க்கச் சொன்னேன். பிறகு தன் தப்பை ஒரு பக்கமாகவே எழுதிப் போட்டார். கதவிடுக்கில் காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்கிற நம் சோதனையையும் அதில் சேர்த்தார். அளவில் சந்தேகம் வந்தால் அந்தக் கடைக்குப் போன் செய்யுங்கள், கடைக்காரரின் தங்கை எடுப்பார், பொறுமையாகச் சொல்லித்தருவார் என்று முடித்திருந்தார். நம் ஆர்டரில் பாதி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

பத்தொன்பது பேரும் இப்படித்தான். யாரிடமும் காசு கொடுத்து நான் வாங்கவில்லை.

நான் போனதற்குக் காரணம் நீங்கள் கத்தியது இல்லை. வேறு. அதை எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

நீங்களாக யாரையாவது வைத்து வெப்சைட்டுக்கு ஏதாவது செய்தீர்களா? ஒளித்துப் பேசத் தெரியாதவர் அல்லவா, சொல்லுங்கள்.

தங்கை


மார்ச் 1

தங்கைக்கு,

செய்தேன்.

டிசம்பர் கடைசியில் ஒருவர் வந்தார். அவர் போட்டிருந்த சென்ட்டு இரண்டு நாள் கடைக்குள் நின்றது, ரப்பரெல்லாம் அந்த வாசனை. அதனால் இங்கே எல்லோருக்கும் அவர் சென்ட்டுக்காரர். “உங்க தங்கச்சி ரெண்டு வருஷமா பண்ணதை நான் ரெண்டு நாள்ல பண்ணிக் காட்டறேன் சார். ரொம்ப ஈசி சார். நீங்க உக்காந்த இடத்த விட்டு எந்திரிக்கவே வேணாம்” என்றார். பத்து நாளில் ஐயாயிரம் லிங்க் என்று பேச்சு. நீ போன கடுப்பில் இருந்தேன். உன் பத்தொன்பதுக்குப் பக்கத்தில் ஐயாயிரத்தை வைத்துக் காட்டி உன்னை ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஆசை. ஒத்துக்கொண்டேன்.

சொன்ன சொல் தவறவில்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. ஐயாயிரத்து முந்நூறு போட்டிருக்கிறார்.

நீ சொன்னபடி கண்ணாடியைத் தூக்கி நீலத் தாளை எடுத்து உள்ளே போய்ப் பார்த்தேன். தேடுபொறிக் கம்பெனியிலிருந்து ஒரு ஓலை ஜனவரியிலிருந்தே கிடக்கிறது. போலி லிங்க் வைத்து ஏமாற்றியதால் நம் தளத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்களாம். நம்மைக் கைகாட்டுகிறவர்கள் பட்டியலை அச்சடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சீட்டாட்டம், வழுக்கைக்கு மருந்து, எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத பக்கங்கள். ஒன்றைத் திறந்தேன், அதில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு மூலைக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார். அந்தப் படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில், நம் கடைப் பேர்.

நான் வளர்ந்தது எப்படி என்று உனக்குத் தெரியும். சுவர் கிடைத்தால் போஸ்டர், பஸ் நின்றால் நோட்டீஸ். எத்தனை கண்ணில் படுகிறதோ அத்தனை நல்லது. இதையும் அப்படித்தான் நினைத்தேன். சுவரில் ஒட்டினால் சுவரைப் பார்த்து யாரும் கடையை எடைபோட மாட்டார்கள். இங்கே சுவரைத்தான் பார்க்கிறார்களாம். எனக்கு யார் சொன்னது?

நீ சொன்னாய். தெரியும்.

சென்ட்டுக்காரரின் போன் இப்போது வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம் என்று எழுது.

இன்னொன்று. கண்ணாடிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு மாதிரி இருந்தது, கையால் வரைந்தது. என் பேர், அதற்குக் கீழே அதே அளவில் உன் பேர். நீ அதை என்னிடம் காட்டியது ஞாபகம் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பது ஞாபகம் இல்லை.

அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

“ரெண்டு பேர் போட்டா கஸ்டமர் குழம்புவான்.” நீங்கள் சொன்னது அதுதான். கார்டைத் திருப்பி என் கையில்கூடக் கொடுக்கவில்லை, கத்தரிக்கோல் மேல் வைத்துவிட்டு அளவு நாடாவைத் தேடப் போனீர்கள். போன மாதம் எழுத வரவில்லை என்றேனே, அது இதுதான். பதினோரு வருஷம் அந்தக் கடையில் இருந்திருக்கிறேன். அதே வாரம் ஆஸ்பத்திரிக் குளிரறைக்கு ரப்பர் கேட்டு வந்தவரிடம் என்னைக் காட்டி, கம்ப்யூட்டர் பாக்குற பொண்ணு என்றீர்கள். தங்கை என்றுகூடச் சொல்லவில்லை. முகம் தெரியாத வாத்தியார் எழுதினார், தங்கை எடுப்பார் என்று.

சரி. இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

குப்பை லிங்க் வைத்திருக்கிறவர்களுக்கு, எடுத்துவிடுங்கள் என்று ஒரு மெயில் போட வேண்டும். பெரும்பாலும் பதில் வராது. எடுக்காதவர்களை ஒரு பட்டியலாக எழுதி, இவர்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை, கணக்கில் எடுக்காதீர்கள் என்று தேடுபொறிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் சுத்தமாக இருந்தால் சில மாதத்தில் மன்னிப்பார்கள். அந்தப் பத்தொன்பது நிற்கிற வரைக்கும் கடைக்கு உயிர் இருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், பத்தொன்பதையும் இந்தக் கடிதத்தோடு தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அவை எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பாருங்கள். முதலில் இந்தப் பத்தொன்பதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொடுங்கள். மூன்று நாள் ஆகும், ஆகட்டும். அவசரப்படாதீர்கள். உங்களைக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

நான் இங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரில் இருக்கிறேன். எல்லாம் அளவாக, பேர் ஒட்டி, வரிசையாக இருக்கிறது. யாரும் கத்துவதில்லை. தங்கியிருக்கிற அறையில் வீட்டுக்காரம்மா கொடுத்த பழைய பிரிட்ஜ் ஒன்று. கதவு ரப்பர் செத்துவிட்டது, நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

தங்கை


மார்ச் 22

தங்கைக்கு,

வேலை முடிந்தது. மூன்று நாள் என்றாய், அரை நாளில் முடித்தேன்.

உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஸ்கேல் வைத்து நாலு பக்கம் பார்ப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் யோசித்தேன், என் தொழிலை நான் ஏன் மறந்தேன் என்று. ஒரு லோடு ரப்பர் கெட்டு வந்தால் நான் என்றைக்காவது பொறுக்கியிருக்கிறேனா? பொறுக்க உட்கார்ந்தால் ‘பாதி நல்லாத்தானே இருக்கு’ என்று கம்பெனிக்காரன் பேச ஆரம்பிப்பான். நல்லது கெட்டது பார்க்காமல் மூட்டையோடு திருப்பினால் வாயைத் திறக்க மாட்டான், முழு மூட்டை புதிதாக வரும். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த வழி ஒரு தடவையும் தப்பியதில்லை.

அதையே செய்தேன். அச்சகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவரை உட்கார வைத்து, முழுப் பட்டியலையும் அப்படியே தேடுபொறிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். இவர்களில் யாரோடும் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று. மெயில் விலாசம் கிடைத்த அத்தனை பேருக்கும் ஒரே மெயில். மெதுவாகக் கேட்டால் எவனும் மதிக்க மாட்டான் என்று நமக்குத் தெரிந்த வக்கீலிடம் வாசகம் வாங்கினேன். நன்றாக, சூடாக எழுதிக் கொடுத்தார்.

உன் பத்தொன்பதும் மூட்டைக்குள் போய்விட்டது, தெரியும். கோபப்படாதே. நல்ல சரக்கு எங்கே போகும்? நிலவரம் சரியானதும் ஒரு வார்த்தை சொன்னால் திரும்பப் போட்டுக்கொள்வார்கள்.

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்கு மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். மூலைக்காரரிடமும் சொன்னேன், இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் என்று. கார்டு விஷயம், நேரில் பேசுவோம்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

வாத்தியார் உங்கள் மெயிலை எனக்கு அனுப்பியிருக்கிறார். இந்தக் கடிதம் கிடைத்த ஏழு நாளுக்குள் எங்கள் நிறுவனத்தின் பெயரை உங்கள் தளத்திலிருந்து நீக்காவிட்டால், எங்கள் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததற்காக வழக்குத் தொடரப்படும் என்று அதில் இருக்கிறது. எழுபத்தொரு வயது மனிதர். கீழே அவர் எழுதியிருப்பது இது: “தங்கச்சி, உங்க கடை கேட்டபடி அந்தப் பக்கத்தையே எடுத்துட்டேன். என் எழுத்தால உங்களுக்குக் கெட்ட பேர் வந்திருந்தா மன்னிச்சுக்குங்க. எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

எங்கே தப்பு செய்தேன் என்று அவர் கேட்கிறார்.

ஐஸ்கிரீம்காரம்மா எடுத்துவிட்டார். ரப்பர் கம்பெனி எடுத்துவிட்டது, அவர்கள் வக்கீலிடமிருந்து நமக்கு ஒரு பதில் வரும். பள்ளிக்கூடம், மெக்கானிக்குகள் சங்கம், பூக்கடைக்காரர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பத்தொன்பதில் பதினாறு இல்லை. எடுக்காத மூன்று பேர் மெயிலைப் படிக்காதவர்களாக இருக்கும். சீட்டாட்டப் பக்கங்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. அவர்களுக்கு வழக்கு என்றால் பயம் இல்லை. பயந்தது நல்லவர்கள்தான்.

தேடுபொறிக் கம்பெனிக்கு அனுப்பிய பட்டியலைத் திருத்தி வேறு அனுப்பலாம். அது இயந்திரம், கோபித்துக்கொள்ளாது. ஆனால் இவர்கள் மூட்டை இல்லை அண்ணா. திருப்பினால் புதிதாக அனுப்பி வைக்க இவர்களுக்குப் பின்னால் கம்பெனி எதுவும் இல்லை. இரண்டு வருஷத்தில், ஒரு நாளைக்கு ஒரு கடிதம் என்று எழுநூறு கடிதம் எழுதி, பத்தொன்பது மனிதர்கள் கிடைத்தார்கள். அரை நாள் போதுமாயிருந்தது உங்களுக்கு.

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

இனி எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.


ஜூலை 14

தங்கைக்கு,

ஏப்ரலில் ஒன்று, மே மாதம் ஒன்று, பிரிக்காமலே திரும்பி வந்தன. இதுவும் வரலாம். உறையின் மேல் அனுப்புகிறவர் இடத்தில் சித்தியின் விலாசத்தைப் போட்டு அனுப்புகிறேன். முப்பத்திரண்டு வருஷம் வியாபாரம் செய்தவனுக்கு இந்தச் சின்னத் திருட்டுத்தனம்கூட இல்லாமல் எப்படி?

வாத்தியாரைப் பார்க்கப் போனேன். பழைய பையை எடுத்துத் தூசி தட்டி, மாதிரி ரப்பர்களைச் சுருட்டி வைத்து, இரண்டு பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்தவரிடம் யார் என்று சொன்னதும் உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். போலீஸோடு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வராது.

அவர் சமையலறை பிரிட்ஜின் ரப்பர் கீழ் ஓரத்தில் கிழிந்திருந்தது. நானே தரையில் உட்கார்ந்து, நீ சொன்னபடி பள்ளத்திலிருந்து பள்ளம் அளந்து, வெந்நீரில் போட்டு எடுத்துப் பொருத்தினேன். மெயில் எப்படிப் போனது என்று பொருத்திக்கொண்டே சொன்னேன். மூட்டைக் கதையைச் சொன்னபோது சிரித்தார். நல்ல மனுஷன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தைரியம் வந்து, பழையபடி அந்தப் பக்கத்தைப் போடச் சொல்லிக் கேட்டேன்.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். “போடலாம். ஆனா நான் எழுதினது கடையைப் பத்தி இல்லையே. போன் பண்ணா உங்க தங்கச்சி பொறுமையா சொல்லித்தருவாங்கன்னு எழுதினேன். இப்ப அவங்க அங்க இருக்காங்களா?”

இல்லை என்றேன்.

“அப்ப எப்படிங்க எழுதறது? என்னை நம்பிப் போன் பண்றவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்து, வெயிலாக இருக்கிறது, குடை வேண்டுமா என்று கேட்டார்.

மற்றவர்களையும் விடவில்லை. பதினாறு பேரில் ஒன்பது பேரை நேரில் பார்த்துவிட்டேன். ஐஸ்கிரீம்காரம்மா இரண்டு கிண்ணம் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, “அவங்க நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். மெக்கானிக் சங்கத்தில் கேட்டார்கள். பூக்கடையில் கேட்டார்கள். ஒருத்தர்கூடக் கடை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தோளில் பை மாட்டித் தட்டிய கதவெல்லாம் என் கதவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தொன்பது வீட்டில் எனக்கு யாரும் ஆள் இல்லை.

இரண்டு பேர் திரும்பப் போட்டார்கள், பாவம் பார்த்து. அதை வைத்து ஒன்றும் நகராது.

மூலைக்காரர் ஜூன் கடைசியில் போய்விட்டார். நான்தான் போகச் சொன்னேன். ஒரு தார்ப்பாய் கம்பெனியில் ஒட்டுகிற வேலை. போகிற அன்றைக்கும் மெஷினைத் துடைத்துவிட்டுத்தான் போனார். ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு கடையை மூடுகிறேன். யாரோ ஒரு செல்போன் கவர் வியாபாரி இடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வா என்று கேட்க மாட்டேன். கேட்கிற இடத்தில் நான் இல்லை. நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

அண்ணன்


ஜூலை 28

அண்ணனுக்கு,

சித்தியின் விலாசத்தில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துதான் பிரித்தேன்.

நான் வர மாட்டேன். கடை மூடுவதைத் தடுக்க என்னிடமும் இனி ஒன்றும் இல்லை. எழுநூறு கடிதம் மறுபடி எழுத எனக்குக் கை இல்லை. இரண்டு மூன்று நாளாக நேற்று எழுதினதைக் கிழிப்பதும் இன்று எழுதுவதுமாக இருக்கிறேன். கடைசியில் சொல்வதற்கு என்று மிஞ்சியது இவ்வளவுதான்:

ஒரு ஆர்டர். உயரம் 1143 மில்லிமீட்டர். அகலம் 562. பள்ளத்திலிருந்து பள்ளம். மாதிரிப் பலகையில் மேலிருந்து ஏழாவது, வெள்ளை. பார்சலில் வந்தால் போதும்.

வீட்டுக்காரம்மா நாற்காலியைத் திரும்பக் கேட்கிறார்.

தங்கை


ஆகஸ்ட் 12

தங்கைக்கு,

இதோடு ரப்பர் இருக்கிறது. சுருட்டி அனுப்புவதால் மடிப்பு விழுந்திருக்கும், வெந்நீரில் பத்து நிமிஷம் போடு. இதை உனக்கு நான் சொல்கிறேன் பார்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்துக்கும் சேர்த்து வெளியூரிலிருந்து வந்த ஒரே ஆர்டர் உன்னுடையது. மூலைக்காரர் இல்லை. அவரைக் கூப்பிட்டிருந்தால் லீவு போட்டுக்கொண்டு வந்திருப்பார், கூப்பிடவில்லை. நானே தகட்டைச் சூடு பண்ணி ஒட்டினேன். பதினைந்து வருஷமாக அந்த மெஷினை நான் தொட்டதில்லை. முதல் இரண்டு கருகிவிட்டன. மூன்றாவதில் மூன்று மூலை நன்றாக வந்தது. நாலாவது கொஞ்சம் கோணல்.

உறைக்குள் ஒரு கார்டு வைத்திருக்கிறேன். நீ வரைந்தபடியே, ஒரே அளவில் இரண்டு பேர். அச்சகத்தில் நூறு அடித்தேன். மூடப்போகிற கடைக்குக் கார்டு அடிக்கிறவனை அந்த மனுஷன் ஒரு மாதிரி பார்த்தார். கொடுக்க ஆள் இல்லை. வாத்தியாருக்கு ஒன்று அனுப்பினேன். மிச்சம் தொண்ணூற்றெட்டும் உன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. மேஜையைச் சித்தி வீட்டுக்கு அனுப்புகிறேன். வெப்சைட்டையும் முப்பத்தொன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். நிறுத்துவதற்கு முன்னால் உன் அளவு முறைப் பக்கத்தை அச்சடித்து வைத்துக்கொண்டேன். இப்போதுதான் முழுதாகப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய்.

பொருத்தியதும் காகிதச் சோதனை செய்து பார். தனியாகக் காகிதம் தேட வேண்டாம், இந்தக் கடிதத்தையே அந்த நாலாவது மூலையில் வைத்துக் கதவைச் சாத்தி இழு. வராமல் பிடித்துக்கொண்டால் ரப்பர் சரி, எழுத வேண்டிய அவசியம் இல்லை. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் ஒரு வரி எழுது, வேறு ஒட்டி அனுப்புகிறேன். முப்பத்தொன்று வரை மெஷின் இருக்கும்.

ஒளித்துப் பேச எனக்குத் தெரியாது என்று உன்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது மூலை கோணல் என்று தெரிந்ததும் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டியிருக்கலாம். ரப்பர் இருந்தது, நேரமும் இருந்தது. ஒட்டவில்லை.

அண்ணன்